இறக்கத்தில் ஏறும் சார்ஜ்

கட்டாரிமலை அடிவாரத்து வாகைப்பாளையத்தில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் டாக்ஸி ஸ்டாண்டில் வழி கேட்க மாட்டார்கள். கேட்டால் சொல்லாமல் விடுகிற ஆட்கள் இல்லை அவர்கள். நாலு பேரும் கூடிப் பேசி, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைத் திருத்தி, கடைசியில் தாங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வேறு ஊரில் விட்டுவிட்டு வருவார்கள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவ்வளவு நல்ல மனுஷர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூளை விஷயத்தில் மட்டும் ஆண்டவன் கொஞ்சம் கையைச் சுருக்கிவிட்டான்.

மூத்தவர் நாச்சிமுத்து. தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசிப்பார். அதனால் அவருக்கு உலகம் பூராவும் தெரியும் என்பது மற்ற மூவரின் நம்பிக்கை. அடுத்தவர் செங்கோடன், கவலைப்படுவதற்கென்றே பிறந்தவர். வண்டி நன்றாக ஓடினால், ஏன் இப்படி நன்றாக ஓடுகிறது என்று கவலைப்படுவார். மூன்றாமவர் மாரப்பனுக்குத் தொண்டை பெரிது. நாலாவது ஆள் அர்த்தநாரி. முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். எத்தனையோ ஊரில் பெண் பார்த்தாகிவிட்டது. போன இடத்திலெல்லாம் காபி கொடுத்தார்கள், பெண்ணைக் கொடுக்கவில்லை.

கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் ஈச்சங்காட்டில் தையல்கடை வைத்திருந்த கோகிலவாணி சம்மதித்தாள். நிச்சயத்தன்று அவளே அர்த்தநாரியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள்.

"உங்களை எனக்குப் புடிச்சிருக்குங்க. உங்க வண்டியத்தான் புடிக்கல. டீசல் வாடை மூக்குல ஏறுச்சுன்னா எனக்குக் கொடலைப் பொரட்டிக்கிட்டு வந்துரும். அதனாலதான் மில்லு வேலையே வேண்டாம்னு விட்டேன், மில்லு பஸ்ஸுல போக முடியாம. நீங்க வாடையில்லாம வந்து தாலி கட்டிக் கூட்டிட்டுப் போங்க, சந்தோசமா வர்றேன். வாடையோட வந்தீங்கன்னா மணவறையில இருந்து எந்திரிச்சுப் போயிருவேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

அர்த்தநாரி ஸ்டாண்டுக்கு வந்து இதைச் சொன்னதும் நாச்சிமுத்து பேப்பரை மடித்து வைத்துவிட்டு, உலகமே கரண்ட் காருக்கு மாறிக்கொண்டிருக்கிறது, நாம் மட்டும் மாறாமலிருந்தால் தம்பி பிரம்மச்சாரியாகவே போய்ச் சேர்ந்துவிடுவான் என்றார். அன்றைக்கே முடிவாயிற்று. பழைய டாக்ஸிகளில் நாச்சிமுத்துவின் டீசல் வண்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை விற்று, நாலு பேரும் கூட்டாக ஒரு கரண்ட் கார் எடுத்தார்கள்.

ஷோரூமில் வண்டியை ஒப்படைத்த விற்பனையாளர் நல்ல பொறுமைசாலி. நாலு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். இந்த வண்டிக்குச் சத்தமே இருக்காது, ரோட்டில் போகிறவர்களுக்கு வருவது தெரியாது, அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரி நீடித்து உழைக்க வேண்டுமானால் சார்ஜ் எண்பது சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். ஏசி போட்டால் சார்ஜ் குறையும், போடும்போது கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும். நாலு பேரும் ஆளுக்கொன்றாக மனப்பாடம் செய்துகொண்டு, மறந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

சத்த விஷயத்தை மாரப்பன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வாயாலேயே டுர்ர்ர் என்று இன்ஜின் சத்தம் போட்டார். செங்கோடன் வேகத்தைக் கூட்டினால் மாரப்பன் கியர் மாற்றுவார். எதிரே வந்த மாடுகள் எல்லாம் மரியாதையாக ஒதுங்கிப் போயின. ஆற்றுப்பாலம் ஏறும்போதுதான் அவருக்கு மூச்சு வாங்கியது. செங்கோடன் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜின் சூடாகிவிட்டது என்று மாரப்பன் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். ஆறினதும் மறுபடி கிளம்பினார்கள்.

வழியில் சார்ஜ் போடுகிற நிலையம் ஒன்று இருந்தது. ஈ காக்கை இல்லை. ஆனால் வாகனங்கள் வரிசையில் நிற்கவும் என்று போர்டு வைத்திருந்தார்கள். டாக்ஸி ஸ்டாண்டுக்காரனுக்கு வரிசை என்பது சாமி மாதிரி. ஒற்றை வண்டி எப்படி வரிசையாகும் என்று செங்கோடன் கேட்டார். அதற்காக நாச்சிமுத்து பஸ் பிடித்து வாகைப்பாளையம் போய், தன் டீசல் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். இப்போது இரண்டு வண்டி, நல்ல வரிசை. ஆனால் ஸ்டாண்டு வழக்கப்படி மூத்த வண்டிக்குத்தானே முதல் சவாரி. டீசல் வண்டியை முன்னால் நிறுத்தி, அதன் முறை முடிகிற வரைக்கும் பக்கத்தில் மரியாதையாகக் காத்திருந்து, அதற்கப்புறம்தான் புது வண்டிக்குச் சார்ஜ் போட்டார்கள்.

வண்டி வந்த பிறகு ஸ்டாண்டில் உலகச் சந்தையைத் தவிர வேறு பேச்சே இல்லை. எனக்குத் தெரிந்து கரண்ட் காரைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் இன்றைக்கு உலகத்தில் கிடையாது. ஓட்டாதவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். நம் ஆட்களாவது ஓட்டிப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொன்னார்கள், அந்த அளவுக்கு அவர்கள் மேல்.

நார்வே என்கிற தேசத்தில் புதிதாக விற்கிற கார்களில் பெரும்பாலும் கரண்ட் கார்தான் என்று நாச்சிமுத்து வாசித்தார்.

"அங்க மட்டும் ஏனுங்ணா அத்தனை விக்குது?" என்று கேட்டார் செங்கோடன்.

"அந்த ஊரு பூராவும் மலை. எல்லாரும் மலை மேல குடியிருக்கறாங்க. காலைல வேலைக்கு எறங்கி வர்றாங்க. எறங்க எறங்கச் சார்ஜ் ஏறுது. நம்ம ஷோரூம்காரரு சொன்னாரில்ல."

"சாயங்காலம் ஊட்டுக்கு எப்படீங்ணா ஏறிப் போவாங்க?"

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "அதுக்குத்தான் ஆளுக்கொரு டீசல் வண்டியும் வெச்சிருப்பாங்க. அது கயிறு போட்டு இழுத்துட்டுப் போயிரும்."

சீனாவில் உலகத்திலேயே அதிகமாக விற்கிறதே, அது எப்படி என்று மாரப்பன் கேட்டார். அங்கே ஜனம் அதிகம், வண்டி நின்றால் தள்ள ஆள் இருக்கிறது என்றார் நாச்சிமுத்து. அமெரிக்காவில் ஏன் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்றதற்கு, அங்கே ஆளுக்கொரு கார், எல்லோரும் அவரவர் காருக்குள் உட்கார்ந்திருந்தால் இறங்கித் தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள் என்றார். மறுத்துப் பேச முடியாத பதில்.

பேட்டரிக்குள் இருக்கிற லித்தியம் வெளிநாட்டு உப்பளங்களிலிருந்து வருகிறது என்று இன்னொரு நாள் வாசித்துவிட்டார். உப்பு என்றால் மழையில் கரைந்துவிடுமே என்று செங்கோடன் முகம் வெளிறிப்போயிற்று. அன்றிலிருந்து மேகம் கறுத்தால் போதும், நாலு பேரும் ஆளுக்கொரு டயர் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சவாரிக்கு வந்தவர்கள் நனைந்துகொண்டே காத்திருப்பார்கள்.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முந்தின சாயங்காலமே பஸ்ஸில் ஈச்சங்காடு போய்விட்டார்கள். அர்த்தநாரி மட்டும் போகவில்லை. ஸ்டாண்டு ஆள் யாருக்குக் கல்யாணமானாலும் விடிகாலையில் ஸ்டாண்டில் தேங்காய் உடைத்து, ஸ்டாண்டு வண்டியில்தான் புறப்பட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மலையைச் சுற்றிச் சமமான ரோட்டில் போனால் அரைமணி நேரத்தில் ஈச்சங்காடு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அவர்கள் தேங்காய் உடைத்தது ஆறு மணிக்கு. சாதாரண மனிதர்களாக இருந்தால் போய் டிபன் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம்.

ஆனால் நாச்சிமுத்து ஒரு கேள்வி கேட்டார். சமரோட்டில் போனால் சார்ஜ் செலவாகும். மலை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் சார்ஜ் வரவாகும். நல்ல காரியத்துக்குப் போகும்போது செலவோடு போவதா, வரவோடு போவதா? வரவோடுதான் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மாப்பிள்ளையும் சொன்னார், அதுதான் எனக்கு வருத்தம்.

ஏறுவதற்குச் சார்ஜ் செலவாகக் கூடாதல்லவா? அதனால் நார்வே முறைப்படி டீசல் வண்டியை முன்னால் கட்டினார்கள். அதை நாச்சிமுத்து ஓட்டினார். பின்னால் கயிற்றில் கரண்ட் கார். செங்கோடன் ஸ்டியரிங்கில், மாரப்பன் பக்கத்தில், பட்டுச்சட்டை பட்டுவேட்டியோடு அர்த்தநாரி பின் சீட்டில். இழுபட்டுப் போகிற வண்டிக்குச் சத்தம் போட்டால் அது பொய்யாகிவிடுமே என்று செங்கோடன் கவலைப்பட்டார். மாரப்பன் யோசித்து, தலையை வெளியே நீட்டி, நியூட்ரலில் நிற்கிற சத்தத்தை மட்டும் மெதுவாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

நாச்சிமுத்துவின் டீசல் வண்டி மேடு ஏறும்போது விடுகிற புகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுப்புக்கரி நிறத்தில், தடிமனாக, மாரப்பன் இறக்கி வைத்திருந்த சன்னல் வழியாக நேரே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியை ஏற்றிவிடச் சொல்லி அர்த்தநாரி இருமிக்கொண்டே கேட்டார். ஏற்றினால் சத்தம் உள்ளேயே நின்றுவிடும், ரோட்டில் போகிறவர்கள் பாவம் என்றார் மாரப்பன். அர்த்தநாரிக்கு இளகின மனசு, சரி என்று விட்டுவிட்டார்.

உச்சியில் கயிற்றை அவிழ்த்தார்கள். இறக்கம் ஆரம்பித்தது. செங்கோடன் பிரேக்கில் காலை வைத்ததும் சார்ஜ் எழுபத்தாறிலிருந்து எழுபத்தேழாயிற்று. காருக்குள் ஒரே சந்தோஷம். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. கீழே ஈச்சங்காடு தெரிந்தது. மண்டபத்து மேளச்சத்தம் காற்றில் வந்தது. எண்பது என்று காட்டியதும் செங்கோடன் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். டீசல் வண்டியில் பின்னால் வந்த நாச்சிமுத்துவும் இறங்கி வந்தார். அந்த வளைவிலேயே சபை கூடியது.

"எண்பதைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க. இனி எறங்குனா தாண்டிருமுங்ணா" என்றார் செங்கோடன்.

"நின்னா?"

"நின்னா தாண்டாதுங்க."

"அப்ப நிக்கலாம்."

நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அர்த்தநாரி, "எனக்குக் கல்யாணமுங்ணா" என்றார்.

அது நியாயமான பேச்சுதான் என்று நாச்சிமுத்து ஒப்புக்கொண்டார். இறங்கினால் சார்ஜ் ஏறுகிறது, ஏறினால் இறங்கும். ஆகவே வண்டியைத் திருப்பிக் கொஞ்ச தூரம் மலையில் ஏறி, சார்ஜைக் குறைத்துக்கொண்டு, மறுபடி இறங்கினார்கள். முன்பு நின்ற வளைவைத் தாண்டி இன்னும் ஒரு வளைவு வந்ததும் மறுபடி எண்பது. திரும்ப ஏறினார்கள். திரும்ப இறங்கினார்கள். இன்னும் ஒரு வளைவு கிடைத்தது. இந்த வேகத்தில் போனால் நாளை மத்தியானத்துக்குள் அடிவாரம் சேர்ந்துவிடலாம் என்று நாச்சிமுத்து திருப்தியாகச் சொன்னார். மணி ஒன்பதரை ஆகியிருந்தது. அர்த்தநாரி கீழே தெரிந்த பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, அது புகையால் மட்டும் இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது. கோகிலவாணி.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"மலை மேலீங்க. உங்க பந்தல் தெரியுதுங்க. நல்லாப் போட்டிருக்கறாங்க."

"எறங்கி வர வேண்டியதுதானுங்களே?"

"சார்ஜ் எண்பது ஆயிருச்சுங்க. எறங்குனா இன்னும் ஏறுமுங்க."

மறுமுனையில் மேளச்சத்தத்துக்கு நடுவே அவள், ஏசி போட்டால் சார்ஜ் குறையும்தானே என்று கேட்டாள். குறையும் என்றார் அர்த்தநாரி. அப்படியானால் ஏசியைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு அறிவு ஸ்டாண்டுக்கு மருமகளாக வருகிறதே என்று நாச்சிமுத்து பந்தலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். செங்கோடன் ஏசியை எவ்வளவு போட முடியுமோ அவ்வளவும் போட்டார். விளக்கு, வைப்பர், பாட்டு எல்லாவற்றையும் போட்டார். ஏசி போடும்போது கண்ணாடியை ஏற்ற வேண்டும் என்பது ஷோரூம் கட்டளை, அதனால் நாலு கண்ணாடியையும் இறுக ஏற்றினார். அவ்வளவு நேரம் உள்ளே சேர்ந்திருந்த புகை அங்கேயே குளிர்ந்து, தங்கி, மாப்பிள்ளையின் பட்டுச்சட்டையில் ஊறிக்கொண்டு கீழே வந்தது.

பத்தேகாலுக்கு மண்டப வாசலில் கார் நின்றது. கதவு திறந்ததும் முதலில் வாடை இறங்கியது, அதற்கப்புறம்தான் மாப்பிள்ளை இறங்கினார். குளிரில் பல் கிட்டித்துப்போயிருந்தது. ஆரத்தி எடுக்க வந்த பெண்கள் தட்டை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு இழுக்க முடியாமல் ஒரு அடி விட்டுப்போயிற்று. அர்த்தநாரி மணவறைக்கு வந்து நின்றதும் கோகிலவாணி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சடங்கு நடத்தி வைக்கிற அருமைக்காரர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் அர்த்தநாரி. பல் நடுங்கியதில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "நீங்க சொன்னதுக்காகத்தான் அந்த வண்டியே வாங்குனமுங்க. செலவில்லாம வரோணும்னு மலை ஏறுனமுங்க. சார்ஜ் எறங்கோணும்னு மறுபடி மறுபடி ஏறுனமுங்க. எங்களுக்கு அவ்வளவுதானுங்க தெரியும். எந்திரிச்சுப் போறதுன்னாப் போங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா எனக்கு மனசு தாங்காதுங்க."

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். தலை முதல் கால் வரை கரி, நடுவில் இரண்டு ஈரமான கண். இத்தனை வருஷத்தில் அவளுக்காக யாரும் ஒரு மேடு கூட ஏறியதில்லை. இந்த மனுஷன் ஒரே காலையில் ஒரே மலையை எத்தனையோ தடவை ஏறியிருக்கிறார். அவள் மூக்கை விடாமலே உட்கார்ந்தாள்.

"வெரசாக் கட்டுங்க. ரொம்ப நேரம் மூச்சுப் புடிக்க முடியாது."

அர்த்தநாரி கட்டினார். அத்தனை வேகமாக ஈச்சங்காட்டில் யாரும் தாலி கட்டியதில்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். மண்டபம் பூராவும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் அட்சதை போட்டது.

தாலி ஏறியாயிற்று, வாடை இறங்கவில்லையே. பந்திக்கு இலை போடுவதற்குள் நாச்சிமுத்து சபையைக் கூட்டினார். டீசல் வண்டிக்குப் பின்னால் மலை ஏறியதால் மாப்பிள்ளை மேல் வாடை ஏறியது. அப்படியானால் டீசல் வண்டிக்கு முன்னால் மலை ஏறினால் வாடை போய்விட வேண்டும். யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததில் தன் கூறைப்புடவையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, நானும் வருகிறேன் என்று கோகிலவாணியும் கிளம்பினாள். கரண்ட் காரை முன்னால் கட்டி, இன்ஜினை அணைத்த டீசல் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியெல்லாம் திறந்துவிட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் மலை ஏறினார்கள். சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறோம் என்று யாரிடமும் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மலை மேல் நல்ல காற்று. உச்சியில் கோகிலவாணி இறங்கி நின்று முந்தானையை முகர்ந்து பார்த்தாள். புருஷன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். துளி வாடை இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு எல்லோரும் புறப்பட இருந்தபோது அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்ணா, ஏறும்போது வாடை போச்சுதுங்க. இப்ப எறங்குனா திரும்பி வந்துராதுங்களா?"

நாலு பேரும் திடுக்கிட்டுப் போனார்கள். இவ்வளவு பெரிய ஆபத்தை அவர்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. செங்கோடன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்தான் வழியும் சொன்னாள். ரிவர்ஸிலேயே இறங்கினால் வண்டியின் முகம் மேலே பார்த்தபடிதானே இருக்கும், ஏறுகிற மாதிரிதானே கணக்கு.

அப்படியே இரண்டு வண்டியும் பின்பக்கமாக ஊர்ந்து ஊர்ந்து இறங்கின. கீழே மண்டபத்து வாசலில், சாப்பிட உட்காராமல் மணமக்களைத் தேடிக்கொண்டிருந்த சனங்கள் மலையைப் பார்த்தார்கள். இரண்டு வண்டியும் மூஞ்சியை உச்சிப் பக்கம் திருப்பியிருந்தன. சாப்பிடாமலே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்களே என்று பெண்ணைப் பெற்றவருக்கு அழுகை வந்தது. எல்லோரும் கையை உயர்த்தி, பார்த்துப் போங்க, பார்த்துப் போங்க என்று ஆட்ட ஆரம்பித்தார்கள். சன்னல் வழியாகக் கோகிலவாணியும் அர்த்தநாரியும் தலையை நீட்டி, கண் கலங்க, போய்ட்டு வர்றோமுங்க என்று திருப்பிக் கையாட்டினார்கள். கார் மண்டபத்து வாசலுக்குள் வந்து, பந்தல் காலில் லேசாக இடித்து நிற்கிற வரைக்கும் இரண்டு பக்கமும் அழுதபடி வழியனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.